பெயரும் ஏரும்

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய நாளில் நிகழ்ந்தது இது. அயல்நாட்டில் நடைபெறவிருந்த ஓவியப் போட்டி ஒன்றுக்கு ஆறாம் ஆண்டு மாணாக்கர் சிலரின் படங்களை அனுப்ப எண்ணினோம். அதற்குரிய படிவத்தில் பிள்ளையின் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டமும் இருந்தன. படிவங்களைக் கொடுத்துவிட்டு நான் அலுவலறைக்குச் சென்று மீள்வதற்குள் வகுப்பில் ஒரு பூசல் மூண்டிருந்தது.

மாணவன் ஒருவன், வீட்டில் தாத்தா சொல்லக் கேட்ட சாதிப் பட்டம் ஒன்றைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டான். அடுத்திருந்தவன், "எங்களுக்கு என்ன எழுதணும்?" என்று அவனையே கேட்டிருக்கிறான். "உங்களுக்கெல்லாம் ஒன்றும் கிடையாது" என்று விடை வந்திருக்கிறது. கேட்டவன் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தான்.

இருவரையும் அழைத்துக் கண்டித்தேன். "எல்லாரும் அப்பாவின் பெயரை எழுதுங்கள்" என்று கூறி அன்றைய வேலையை முடித்தேன். நம் நாட்டு வழக்கப்படி அது சரியான விடையே. ஆயினும் அச்சிறுவனின் வினா அதனால் தீரவில்லை என்பதை அன்றிரவே உணர்ந்தேன். தன் முன்னோர் யாவர், அவர் செய்த தொழில் யாது, அதற்குப் பெயர் உண்டா இல்லையா என்பனவே அவ்வினாவின் உட்பொருள். அதற்கு விடை கூறும் கடமை தமிழாசிரியனுக்கு உண்டு. அன்று கூறத் தவறியதை இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

கிழாரும் உடையாரும்

தமிழர்க்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று தொன்றுதொட்டு இருந்ததில்லை. சங்கப் புலவர் பெயர்களை நோக்கினால் இது விளங்கும். ஊர்ப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் நிற்பதே அக்காலத்துப் பெருவழக்கு. மதுரை, உறையூர், காவிரிப்பூம்பட்டினம் என ஊரைச் சொல்லியே ஆளைச் சுட்டினர். தந்தையின் பெயரையோ தொழிலையோ சேர்த்துச் சொல்லும் வழக்கும் இருந்தது. ஆனால் பாட்டன், தந்தை, மகன் என வழிவழியாக மாறாமல் இறங்கும் ஒரு பெயர் அன்று பொதுவழக்காக இல்லை.

அப்பெயர்களுள் ஒருவகை நம் கருத்துக்கு உரியது. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் என்னும் பெயர்களை மாணாக்கர் அறிவர். 'கிழார்' என்பது 'கிழமை' என்னும் சொல்லோடு உறவுடையது. கிழமை என்பது உரிமை. கிழான் என்பான் உரியவன். கோவூர் கிழார் என்றால் கோவூரில் நிலவுரிமை உடையவர் என்பது பொருள். பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் குடிப்பெயரில் 'சே' என்னும் எருதும் 'கிழார்' என்னும் உரிமையும் ஒருங்கே நிற்றல் காண்க.

சோழர் காலத்துக்கு வந்தால் இவ்வழக்கு மேலும் பெருகுகிறது. கல்வெட்டுகளில் ஊர்ப்பெயரோடு 'உடையான்', 'கிழவன்' என்னும் ஈறுகள் சேர்ந்த ஆட்பெயர்கள் மிகப்பல. கிழவன் என்பதற்கு ஆண்டு முதிர்ந்தவன் என்று இக்காலப் பொருள் கொள்ளலாகாது. ஊரில் நிலம் உடையவன் என்பதே பொருள். அரசப்பணியில் உயர்ந்தோர் 'மூவேந்தவேளான்' போன்ற பட்டங்களைப் பெற்றனர். சப்பானிய அறிஞர் நொபுரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978-ஆம் ஆண்டில் ஓர் அடைவு வெளியிட்டனர். ஒருவன் பெயரின் ஈற்றைக் கொண்டே அவனுக்கு நிலத்தோடு இருந்த உறவை ஆராய வழிவகுத்த பெரும்பணி அது.

பிற்காலத்தில் பெயருக்குப் பின் ஒட்டிய பட்டங்களின் சொற்பொருளையும் சற்றே ஆராய்வோம். உடையார் என்பது உடைமையைக் குறிக்கும். முதலியார் என்பது முதலி, அதாவது முதல்வன் என்னும் சொல்லின் உயர்வு வடிவம். நாட்டார் என்பது சோழர் காலத்தில் 'நாடு' என்னும் நிலப்பிரிவின் அவையோரைக் குறித்த சொல். கவுண்டர் என்பதைக் கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் ஊர்த்தலைவனைக் குறித்து வரும் 'காவுண்டன்' என்னும் சொல்லோடு அறிஞர் தொடர்புபடுத்துவர். அம்பலக்காரர் என்பது ஊர்ப்பொது இடமாகிய அம்பலத்தில் முறை செய்தவரையும், மூப்பனார் என்பது மூத்தோரையும், சேர்வை, படையாட்சி என்பன படைத்தொழில் சார்ந்தோரையும் சுட்டி எழுந்தவை.

இவற்றை ஒரு வரிசையில் வைத்து நோக்குக. உடைமை, தலைமை, முறைசெய்தல், படை நடத்தல் ஆகியவையே இவற்றின் வேர்ப்பொருள். உழுதான், நட்டான், களை பறித்தான், கதிர் அறுத்தான் என்னும் பொருள் தரும் பட்டம் இவற்றுள் ஒன்றேனும் உண்டா? இல்லை. 'ஏரின் வாழ்நர்', 'மேழியர்' என்னும் பெயர்களை நிகண்டுகள் கூறும். ஆயினும் தம் பெயருக்குப் பின் மேழியர் என்று எழுதிக் கையொப்பமிட்ட எவரையும் நான் கண்டதில்லை.

உழுதோரும் உழுவித்தோரும்

தொல்காப்பியத்துக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், வேளாளரை உழுதுண்போர், உழுவித்துண்போர் என இருவகைப்படுத்தினார். தாமே உழுது உண்போர் ஒருசாரார். பிறரைக் கொண்டு உழுவித்து உண்போர் மற்றொரு சாரார். இந்தப் பிரிவு நம் பெயர் வரலாற்றுக்கு ஒரு திறவுகோல். பட்டங்களிற் பெரும்பாலானவை உழுவித்தோர் பக்கத்திலிருந்து வந்தவை. உழுதோர்க்கு வாய்த்த பெயர்களோ வேறு.

அவை எவை? பண்ணையாள் என்பது ஒன்று. படியாள் என்பது மற்றொன்று. நாள்தோறும் படி நெல்லைக் கூலியாகப் பெற்று ஒருவரிடமே கட்டுண்டு உழைத்தவன் படியாள். விளைவில் பங்கு பெற்று உழுதவன் வாரக்குடி. அந்த ஊரிலேயே குடியிருந்து பயிரிட்டவன் உள்குடி. வேற்றூரிலிருந்து வந்து பயிரிட்டவன் புறக்குடி. இச்சொற்கள் பட்டங்களாகவில்லை, எவரும் இவற்றைப் பெருமையோடு பெயரின் பின் ஒட்டிக்கொள்ளவும் இல்லை. உழைத்தோருட் பெரும்பாலோர்க்கு இயற்பெயர் ஒன்றே மிஞ்சியது.

'வேளாண்மை' என்னும் சொல்லின் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. வெள்ளத்தை ஆள்வோர் வெள்ளாளர் என்று ஒருசாராரும், 'வேள்' என்னும் விருப்பப்பொருள் அடியாகப் பிறந்தது வேளாளர் என்று மற்றொரு சாராரும் கூறுவர். திருக்குறளில் வேளாண்மை என்பது பிறர்க்கு உதவுதல் என்னும் பொருளில் வருகிறது; பரிமேலழகர் உரையும் அவ்வாறே கொள்கிறது. ஈதலைக் குறித்த சொல் பயிர்த்தொழிலைக் குறித்து, மக்கள் வாயில் 'வெள்ளாமை' எனத் திரிந்து, வயலில் நிற்கும் பயிருக்கே பெயராயிற்று.

பட்டம் வாய்க்காதவர் கையில் வேறொரு செல்வம் இருந்தது. அது சொற்செல்வம். மேழி, கொழு, நுகத்தடி, சால், பரம்பு, நாற்றங்கால், முடி, மடை, வரப்பு, பொலி, தூற்று, பதர், கண்டுமுதல் என உழவின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு சொல்லை வழங்கியவர்கள் உழுதவர்களே. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது ஏரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் போற்றுகிறது. உழவுத் தொழிலாளியைப் பாட்டுடைத் தலைமைக்கு உயர்த்திய பள்ளு இலக்கியம் நெல்வகைகளையும் மாட்டுவகைகளையும் பட்டியலிடுகிறது. முக்கூடற்பள்ளினைக் கற்பிக்கும் ஆசிரியர், அதில் பண்ணைக்காரன் என்னும் மேலாளன் தொழிலாளியைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கும் காட்சியை மறந்திருக்க மாட்டார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அக்காட்சி விளங்க நெடிய விளக்கம் தேவையில்லை. அவர்தம் பாட்டன்மார் கங்காணி என்னும் மேலாளனைக் கண்டவர்கள்.

கடல் கடந்த சொற்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறியபோது சிலாங்கூர் ஆற்றின் இரு மருங்கும் காடுகள் வீழ்த்தப்பட்டன. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை, அவற்றுக்கு வடக்கே சுங்கை திங்கி என இவ்வட்டாரமெங்கும் தோட்டங்கள் தோன்றின. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டபின் கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊரிலும் அண்டை ஊர்களிலும் ஆள் திரட்டினான். ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்றான். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்கள் வழியாகத் திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காட்டு மாவட்டத்து உழவர் குடிகள் கப்பலேறின. திறன்சாராத் தொழிலாளரை உதவித்தொகையோடு மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-ஆம் ஆண்டில் தடை செய்யும்வரை இது நீடித்தது.

கங்காணி என்னும் சொல்லே ஒரு வரலாற்றுப் பாடம். அது 'கண்காணி' என்பதன் திரிபு. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்ப்பவர் கண்காணி எனப்பட்டார். கோயிலின் வரவு செலவைக் காத்தவரின் பெயர், ஆயிரம் ஆண்டு கழித்து இரப்பர்க் காட்டில் ஆளை எண்ணி ஏவியவனின் பெயராயிற்று. அவனுக்கு மேலிருந்த வெள்ளையர்க்குத் தமிழர் வழங்கிய பெயர் துரை. நிருவாகி பெரிய துரை. அவர்க்கு அடுத்தவர் சின்ன துரை.

உழவர் தம் ஏரையும் மாட்டையும் ஊரிலேயே விட்டுவந்தனர். சொற்களை மட்டும் உடன் கொண்டுவந்தனர். அச்சொற்களைப் புதிய வேலைக்குப் பொருத்திக்கொண்ட திறம் வியக்கத்தக்கது. கொங்கு நாட்டிலும் சேலத்திலும் புன்செய் நிலத்தைக் 'காடு' என்பர். அவ்வழக்கே இங்கு இரப்பர் நிற்கும் இடத்தைக் குறிக்கலாயிற்று. "காட்டு வேலைக்குப் போகிறேன்" என்றால் மரம் வெட்டப் போவதாகப் பொருள். வரிசை எனப் பொருள்படும் 'நிரை' ஒருவர் பொறுப்பிலுள்ள மரவரிசைக்குப் பெயராகி, 'நெரை' எனத் திரிந்தது. ஆவின் பால் மரத்தின் பாலாயிற்று. பட்டையில் ஒட்டி உலர்ந்தது ஒட்டுப்பால், மங்கில் உறைந்தது கட்டிப்பால். ஆட்களைக் காலையில் நிறுத்திக் கணக்கெடுத்த இடம் பெரட்டுக்களம். இதில் 'பெரட்டு' ஆங்கிலப் 'பரேடு'. 'களம்' நெல்லடித்த நம் களமே.

தமிழகத்திலிருந்து வரும் விருந்தினர் நம்மவர் பேச்சில் மருளும் இடம் ஒன்று உண்டு. "என் அம்மா இருபது ஆண்டு மரம் வெட்டினார்" என்று நாம் கூறினால், ஒரு பெண் கோடரி கொண்டு காட்டை அழித்ததாக அவர் எண்ணக்கூடும். அங்கே மரம் வெட்டுதல் மரத்தை வீழ்த்துதல். இங்கே அதன் பட்டையைச் சீவிப் பால் எடுத்தல். 'சீவுதல்' என்னும் சொல்லோ பனையிலும் தென்னையிலும் பாளை சீவியவர்களிடமிருந்து வந்தது. மரம் சாகாதபடி நாள்தோறும் நுண்ணிதாகச் சீவும் வேலைக்கு நம் மக்கள் பழஞ்சொல்லையே கருவியாகக் கொண்டனர்.

'தோட்டம்' என்பதும் அத்தகையதே. 'தோட்டம் துரவு' என்னும் இணைமொழியில் துரவு என்பது கிணறு. கிணற்றடியில் காய்கறியும் கீரையும் விளையும் சிறு நிலமே ஊரில் தோட்டம். இங்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பும் தோட்டமே. சொல் ஒன்று, அளவு வேறு, உரிமையும் வேறு. ஊரில் 'காணி' என்பது நில அளவு. எண்பதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னம். வழிவழி வரும் நிலவுரிமையும் அதுவே. இங்குத் தோட்டத்தைத் திருத்திய கைகளுக்குக் காணியில்லை. அதனால்தான் போலும், நம்மவர் கொண்டுவந்த உழவுச் சொற்களுள் காணி என்னும் சொல் தோட்ட வழக்கில் வேரூன்றவில்லை.

நிலம் பெற்ற பெயர்கள்

ஆட்களுக்குக் குடும்பப்பெயர் இல்லாத இவ்வட்டாரத்தில் நிலங்களுக்குக் குடும்பப்பெயர் உண்டு. புக்கிட் தாகார்ப் பக்கம் 'நைகல் கார்டனர்' என்றொரு தோட்டம். தோட்டத்தின் பெயர் ஆங்கிலேயர் ஒருவரின் முழுப்பெயராகவே ஒலிக்கிறது. இதில் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. 'கார்டனர்' என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயரின் பொருள் தோட்டக்காரர் என்பதே. என்றோ ஒரு நாள் இங்கிலாந்தில் மண் கொத்திய ஒருவனின் தொழில் அவன் வழியினர்க்குக் குடும்பப்பெயராக நிலைத்தது. அப்பெயர் கடல் கடந்து வந்து சிலாங்கூர் மண்ணுக்கும் சூட்டப்பட்டது. அந்த மண்ணைக் கொத்திய தமிழன் பெயரோ சம்பளப் புத்தகத்தில் எண்ணோடு நின்றது.

ஆயினும் தமிழ்ச்சொல் ஒன்று இவ்வட்டாரத்து நிலத்தில் அழியாது பதிந்துள்ளது. பெஸ்தாரி ஜெயா என்று இன்று பெயர் பூண்டுள்ள பத்தாங் பெர்ஜுந்தை அருகே 'தென்னமாராம்' தோட்டம் உள்ளது. மலாயாவில் செம்பனை முதன்முதலாக வணிக நோக்கில் பயிரிடப்பட்டது அங்கேதான், ஆண்டு 1917. அதற்கு வித்திட்டவர் பிரெஞ்சுக்காரராகிய ஆன்றி ஃபொக்கோனியே. மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து இவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930-ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றது. உலகச் செம்பனை வரலாற்றில் இடம்பெற்ற அத்தோட்டத்தின் பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். தமிழ்ச்செவி அதனை உடனே இனங்காணும். அது நம் பேச்சுவழக்கிலுள்ள 'தென்னமரம்'. நாட்டுக்குப் பெரும்பொருள் ஈட்டித்தந்த செம்பனையின் முதல் தோட்டம் தென்னையின் தமிழ்ப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அதனை நம் மாணாக்கருள் எத்துணைப் பேர் அறிவர்?

மலாய் மொழியிலும் நம் சொற்கள் சில குடியேறியுள்ளன. கடை 'கெடாய்' என்றும், குளம் 'கோலாம்' என்றும், முதல் 'மோடால்' என்றும் அங்கு வழங்குகின்றன. இம்முதல்தான் முதலியாரிலும் உள்ளது. களத்தில் அளந்து கண்ட விளைவாகிய கண்டுமுதலிலும் உள்ளது. மலாய்ப் பாடவேளையில் 'மோடால்' என்று படிக்கும் பிள்ளைக்கு, அது தன் பாட்டன் நெற்களத்தில் வழங்கிய சொல்லின் உறவு என்று நாம் காட்டலாம்.

உதிர்ந்த பட்டங்கள்

தோட்டத்து லயங்கள் எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் வைத்தன என்று சொல்வதுண்டு. அது முழு உண்மையாகாது. தொடக்க நாளில் சாதிவாரியாக லயங்கள் பிரிந்திருந்ததும் உண்டு. எனினும் பெரட்டுக்களத்தில் பட்டம் உடையவனும் பட்டம் அற்றவனும் ஒரே வரிசையில் நின்றனர். ஊரில் உழுவித்து உண்டவன் வழியினனும் உழுது உண்டவன் வழியினனும் இங்குத் தாமே உழைத்து உண்டனர். ஆங்கில ஏட்டில் இருவர்க்கும் 'கூலி' என்ற ஒரே பெயர். உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறித்த தமிழ்ச்சொல் உழைத்தவனையே இழித்துரைக்கும் சொல்லாய் உலகெங்கும் பரவிய கொடுமை அது. தொழிலாளர் இயக்கம் வளர்ந்து, 1954-ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த காலத்தில் 'தொழிலாளி' என்னும் சொல் தலைநிமிர்ந்தது.

பட்டங்கள் உதிர்ந்ததும் ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டியே. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அதன் பின் இங்கும் பலர் தாமே முன்வந்து பட்டத்தைத் துறந்தனர். 1948-ஆம் ஆண்டில் நெருக்கடிக் காலத்தில் அடையாள அட்டை வந்தது. தன் பெயரும் தந்தை பெயரும், அவற்றின் நடுவே மகன் எனவும் மகள் எனவும் பொருள்படும் மலாய்ச் சொற்களும் அமைவது நம் அட்டைகளின் வழக்காயிற்று. ஆகவே இன்று நம்மிடம் குடும்பப்பெயர் இல்லாமை ஒரு குறையால் வந்ததன்று. பலர் மனமுவந்து செய்த துறவும் அதில் கலந்திருக்கிறது.

உலகிலும் நாம் தனியர் அல்லர். நம் மலாய் நண்பர்களும் தந்தை பெயரையே உடன் எழுதுகின்றனர். ஐசுலாந்து நாட்டினர் இன்றும் தந்தையின் பெயரோடு மகன், மகள் என்னும் ஈறு சேர்த்தே வழங்குகின்றனர். சப்பானில் 1875-ஆம் ஆண்டில்தான் எல்லாரும் குடும்பப்பெயர் கொள்ளவேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அந்நாட்டில் பெருவழக்காயுள்ள 'தனாக்கா' என்பதற்கு நெல்வயலின் நடு என்றும், 'யமதா' என்பதற்கு மலைவயல் என்றும் பொருள். நம் பட்டங்கள் தலைமையையும் உடைமையையும் பேச, அவர்கள் பெயர்கள் வயலையே பேசுகின்றன.

செக்கிஞ்சானில் ஒரு காலை

ஓவியப் போட்டி முடிந்து சில மாதங்கள் கழித்து மாணாக்கரைச் செக்கிஞ்சானுக்கு அழைத்துச் சென்றோம். பெர்ணம் ஆற்றின் நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து தஞ்சோங் காராங் பகுதியை நெல்வயலாக்கும் திட்டம் 1930-களில் தொடங்கியது. இன்று சிலாங்கூரின் நெற்களஞ்சியம் அதுவே. நம் பிள்ளைகள் அவ்வயல்களை உந்து வண்டியின் சாளரம் வழியே மட்டும் கண்டவர்கள். துணைக்கு வந்த பெற்றோர் சிலருள் ஒரு பாட்டியும் இருந்தார். படிவத்தை மடித்து வைத்த அந்தச் சிறுவனின் பாட்டி அவர்.

வரப்பில் நின்றதும் அவர் முகம் மாறியது. "வெள்ளாமை நல்லா வந்திருக்குய்யா, பால் பிடிக்கிற பருவம்" என்றார். பிள்ளைகள் சிரித்தனர், பால் என்றால் அவர்களுக்கு இரப்பர்ப் பால்தான். பாட்டி ஒரு கதிரை விரலால் நசுக்கிக் காட்டினார். வெண்ணிறப் பால் கசிந்தது. பின்பு கேட்கக் கேட்கச் சொல்லலானார். நாற்றங்கால், முடி, மடை, சால், பதர் என ஒவ்வொன்றாக அவர் நாவில் வந்தது. "எங்க வயல் வேலை செய்தீங்க, பாட்டி?" என்று ஒருத்தி கேட்டாள். "நான் எங்க செஞ்சேன்? தோட்டத்துலதான் பொறந்தேன். எங்கம்மா சொல்லுவாங்க" என்றார். தாயார் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவராம். நடவு நட்ட கைகள் நாற்பது ஆண்டு மரம் வெட்டின. சொற்கள் மட்டும் மகளிடம் இறங்கின.

அன்று பட்டத்தை எழுதிய மாணவன் குறிப்பேட்டோடு அப்பாட்டியின் அருகிலேயே நடந்தான். "பொலி என்றால் என்ன, பாட்டி?" என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது. அவன் வீட்டில் அச்சொல்லை எவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அப்பொழுதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பட்டம் ஆண்வழியாக இறங்கியது; சிலர்க்கு இருந்தது, பலர்க்கு இல்லை. இல்லாதவரைத் தாழ்த்துவதே அதன் பயனாய் முடிந்தது. உழவுச் சொல் தாய்வழியாகவும் இறங்கியது. உழைத்த எவர்க்கும் அது உரியதாயிற்று. பட்டத்தை இழந்ததால் நமக்குக் கேடு இல்லை. சொற்களை இழந்தால் கேடு உண்டு. உழுதவன் தன் இருப்பைக் கல்லில் பொறிக்கவில்லை, நிலப்பத்திரத்தில் எழுதவில்லை, தான் வழங்கிய சொல்லில் மட்டுமே வைத்துச் சென்றான். அச்சொல் மறைந்தால் அவன் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை.

காலம் நமக்காகக் காத்திருக்காது. இரப்பர் குறைந்து செம்பனை மிகுந்தபோதே நிரை, ஒட்டுப்பால், மங்கு என்னும் சொற்கள் பிள்ளைகள் செவிக்கு அயலாயின. தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாற, மக்கள் சிறு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். நெற்களத்துச் சொல்லும் இரப்பர்க் காட்டுச் சொல்லும் இன்று ஒரே பாட்டியின் நாவில் தங்கியிருக்கின்றன. அவர் காலத்துக்குப் பின் எவரிடம் சென்று கேட்பது?

ஆதலின் உடன் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. நான்காம் ஆண்டுக்கு மேற்பட்ட மாணாக்கரிடம், வீட்டு முதியோர் செய்த வேலை யாது, அதில் அவர் வழங்கிய கருவிகளின் பெயர் யாது, அச்சொல் எங்கிருந்து வந்தது என்னும் மூன்று வினாக்களைக் கொடுத்தனுப்புங்கள். சாதியையும் பட்டத்தையும் கேட்க வேண்டா. கிடைக்கும் சொற்களை வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். ஓராண்டில் அது ஒரு சிற்றகராதியாகும். கட்டுரைப் பாடத்துக்கும் மொழியணிப் பாடத்துக்கும் அதனைவிட நல்ல துணைநூல் கிட்டுவது அரிது.

எங்கள் பள்ளியில் அவ்வாறே செய்தோம். முதல் வாரத்தில் சுவரில் ஏறிய சொற்கள் பத்தொன்பது. அவற்றுள் ஏழு அந்தப் பாட்டி தந்தவை. ஒவ்வொரு சொல்லின் கீழும் அதனைக் கொணர்ந்த பிள்ளையின் பெயரையும், அதனைச் சொன்ன முதியவரின் பெயரையும், அவர் செய்த வேலையையும் எழுதச் சொன்னேன். 'உங்களுக்கெல்லாம் ஒன்றும் கிடையாது' என்ற சொல்லைக் கேட்ட சிறுவன், 'பொலி' என்பதன் கீழ்த் தன் பாட்டியின் பெயரை எழுதினான். அதற்கடுத்து, 'மரம் வெட்டினார்' என்று எழுதினான். சற்று நேரம் நின்று பார்த்தான். பிறகு அதற்கும் கீழே பாட்டியின் தாயார் பெயரை எழுதி, 'நாற்று நட்டார்' என்று சேர்த்தான்.